ஒரு பல் கிளப்பிய தகராறு! சைக்கிளின் வேகம் காலிலா, பல்லிலா?

சைக்கிளின் பின் சக்கரத்தில் பல் வைத்த ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. செயின் அதன் மேல்தான் ஓடுகிறது. பந்தய சைக்கிளில் அந்தச் சிறு சக்கரத்துக்கு 11 பல் இருக்கலாம். 10 பல் இருக்கலாமா?

இந்த ஒரு பல்லுக்காக, 2025-ம் ஆண்டில் பெரிய தகராறு மூண்டது. ஒரு பக்கம், உலகத்து சைக்கிள் போட்டிகளை எல்லாம் கட்டி ஆளும் உலக சைக்கிள் சம்மேளனம். மறு பக்கம், சைக்கிள் உறுப்புகள் செய்யும் ஸ்ராம் என்ற அமெரிக்கக் கம்பெனி. விவகாரம் முற்றி, பெல்ஜியம் நாட்டு ஆணையத்தின் வாசல் வரை போய்விட்டது.

"ஒரு பல்லுக்கு இவ்வளவு ரகளையா?" என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் அந்தப் பல்லில் வீரர்களின் உயிரும் இருக்கிறது. ஒரு கம்பெனியின் வியாபாரமும் இருக்கிறது. மனிதனின் கால் எவ்வளவு வேகமாகச் சுற்ற முடியும் என்ற கேள்வியும் இருக்கிறது.

நடந்தது என்ன?

சைக்கிள் போட்டிகளில் வேகம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. விழுந்து அடிபடுகிறவர்களும் பலர். வீரர்களின் உயிரைக் காக்க வேண்டும் என்று சம்மேளனம் யோசித்தது. 2025-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் சில புதிய ஏற்பாடுகளை அறிவித்தது.

அவற்றில் ஒன்று, கியருக்கு வரம்பு.

அதாவது, முன் சக்கரத்தில் 54 பல், பின் சக்கரத்தில் 11 பல். இதற்கு மேல் பெரிய கியர் கூடாது. பெடலை ஒரு முறை முழுதாகச் சுற்றினால், சைக்கிள் 10.46 மீட்டர் தூரம்தான் ஓட வேண்டும். அதற்கு மேல் ஓடக்கூடாது.

இதை உடனே சட்டம் ஆக்கவில்லை. முதலில் ஒரு போட்டியில் வைத்துச் சோதிப்பது என்று முடிவு செய்தார்கள். சீனாவில் குவாங்ஸி மாகாணத்தில் அக்டோபர் 14-ந் தேதி தொடங்க இருந்த போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அங்கேதான் சிக்கல் வந்தது.

ஸ்ராம் கம்பெனி செய்யும் பந்தய சைக்கிள் உறுப்புகளில் பின்னால் உள்ள மிகச் சிறிய சக்கரத்துக்கு 10 பல். ஜப்பான் நாட்டு ஷிமானோ கம்பெனியின் உறுப்புகளில் வழக்கமாக 11 பல். ஆகவே புதிய வரம்பு ஷிமானோ சைக்கிள்காரர்களை அதிகம் தொடாது. ஸ்ராம் சைக்கிள்காரர்களோ, அந்தப் 10 பல் சக்கரத்தில் செயின் ஏறாதபடி பூட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் முன் சக்கரத்தை மாற்ற வேண்டும்.

"எங்களுக்கு மட்டும் தண்டனையா?" என்று கேட்டது ஸ்ராம். செப்டம்பர் மாதத்தில் பெல்ஜியம் நாட்டு வணிகப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. அக்டோபர் 9-ந் தேதி ஆணையம் இடைக்கால உத்தரவு போட்டது. சோதனையை நிறுத்தி வைக்கும்படி சொல்லிவிட்டது. குவாங்ஸி போட்டி நடந்தது. கியர் சோதனை நடக்கவில்லை!

பல்லுக்கும் வேகத்துக்கும் என்ன உறவு?

இந்தத் தகராறு புரிய வேண்டுமானால், முதலில் பல்லின் கணக்கு தெரிய வேண்டும். அது மிகச் சுலபமான கணக்குதான்.

அந்தக் காலத்தில் ஒரு வகை சைக்கிள் இருந்தது. முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு நிற்கும். பின் சக்கரம் சின்னஞ்சிறியது. பெடல், முன் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும். கால் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்று சுற்றும். வேகமாகப் போக வேண்டுமா? சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒன்றரை மீட்டர் குறுக்களவு உள்ள சக்கரம் என்றால், ஒரு மிதிச் சுற்றுக்கு 4.7 மீட்டர் ஓடும். உயரத்தில் இருந்து விழுந்தால் தலை போகும்!

1885-ம் ஆண்டில் இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் என்ற சைக்கிளை வெளியிட்டார். இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. நடுவில் பெடல். அங்கிருந்து பின் சக்கரத்துக்குச் செயின். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் பாட்டன் அதுதான்.

செயின் வந்ததும் பல்லுக்கு மதிப்பு வந்தது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள ஒரு சாதாரண கறுப்பு சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம். கால் ஒரு சுற்று சுற்றினால், பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். சைக்கிள் சுமார் 5.4 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் மணிக்கு 16 கிலோ மீட்டர் வேகம். கடைத்தெருவுக்குப் போய் வர இது போதும்.

ஆக, வேகம் என்பது இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, கால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. மற்றொன்று, ஒரு சுற்றுக்கு சைக்கிள் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது. முதல் எண் காலுக்குச் சொந்தம். இரண்டாவது எண் பல்லுக்குச் சொந்தம்.

இப்போது பந்தய சைக்கிளின் கணக்கைப் பாருங்கள். 54-க்கு 11 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 10.46 மீட்டர். நிமிடத்துக்கு 100 சுற்று மிதித்தால் மணிக்கு 63 கிலோ மீட்டர். 54-க்கு 10 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 11 மீட்டர் 50 சென்டி மீட்டர். அதே 100 சுற்றுக்கு 69 கிலோ மீட்டர்.

ஒரு பல் குறைந்தால் மணிக்கு 6 கிலோ மீட்டர் கூடுகிறது! தகராறின் வேர் இதுதான்.

சம்மேளனம் சொல்லும் நியாயம்

சம்மேளனத்தின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

2023-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி. சுவிட்சர்லாந்து நாட்டில் மலைப் பாதையில் போட்டி நடந்தது. அல்புலா கணவாயில் இருந்து இறங்கும்போது, அந்த நாட்டு வீரர் ஜினோ மேடர் பள்ளத்தில் விழுந்தார். மறுநாள் உயிர் போயிற்று. அவருக்கு வயது 26.

மறு ஆண்டு, 2024 ஜூலையில், ஆஸ்திரியா நாட்டில் நார்வே வீரர் ஆண்ட்ரே டிரேகே மலை இறக்கத்தில் விழுந்து மாண்டார். இப்படி ஒவ்வொரு சாவு நடக்கும்போதும், "வேகத்தைக் குறைக்க வழி இல்லையா?" என்ற குரல் எழுகிறது.

மோட்டார் காருக்கு வேகக் கட்டுப்பாடு வைக்கலாம். போலீஸ்காரர் நின்று பார்க்கலாம். சைக்கிள் போட்டியில் அப்படிச் செய்ய முடியுமா? வேகமாகப் போவதுதானே போட்டியே! ஆகவேதான் கியரில் கை வைத்தார்கள். பல்லுக்கு வரம்பு வைத்துவிட்டால், ஓர் அளவுக்கு மேல் கால் சுற்ற முடியாது. வேகம் தானாக நின்றுவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

வீரர்களிலும் சிலர் இதை ஆதரித்தார்கள். பெல்ஜியம் நாட்டின் புகழ்பெற்ற வீரர் வௌட் வான் ஆர்ட் அவர்களில் ஒருவர். கியருக்கு வரம்பு வைத்தால் ஆபத்து குறையும் என்று அவர் சொன்னார். இதில் ஒரு வேடிக்கை. அவருடைய அணி ஓட்டியது ஸ்ராம் உறுப்புகள் மாட்டிய சைக்கிளைத்தான்!

காலின் கணக்கு

பல்லைக் குறைத்தால் கால் வேகமாகச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றினால் உடம்புக்கு என்ன ஆகிறது?

இந்தக் கேள்விக்கு வயது நூறு ஆகிறது. 1929-ம் ஆண்டில் இங்கிலாந்தில் சில்வியா டிக்கின்சன் என்ற பெண்மணி இதை அளந்து பார்த்தார். ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளில் ஆட்களை உட்கார வைத்து மிதிக்கச் சொல்லி, செலவாகும் சக்தியைக் கணக்கிட்டார். உடம்பு செலவழிக்கும் சக்தியில் நூற்றுக்கு 21½ பங்குதான் அதிகபட்சமாகப் பெடலுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி எல்லாம் சூடாகவும் வேர்வையாகவும் போயிற்று. அந்த அதிகபட்சம் எப்போது கிடைத்தது? நிமிடத்துக்கு 33 சுற்று மிதித்தபோது! நிதானமாக மிதித்தால்தான் சிக்கனம் என்று தெரிந்தது.

பிறகு பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். வேலை கூடக்கூட, சிக்கனமான சுற்றும் கூடுகிறது என்று கண்டார்கள். சுமார் 100 வாட் அளவு லேசாக மிதிப்பவருக்கு 50 சுற்று சிக்கனம். 300 வாட் அளவு பலமாக மிதிப்பவருக்கு 80-க்குப் பக்கத்தில் போகிறது.

ஆனால் பந்தய வீரர்கள் என்ன செய்கிறார்கள்? நிமிடத்துக்கு 90 சுற்று, 100 சுற்று என்று மிதிக்கிறார்கள். மூச்சு அதிகம் செலவானாலும் பரவாயில்லை என்று மிதிக்கிறார்கள்.

அவர்களுக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். இதில் ஒரு ரகசியம் இருக்கிறது.

கிணற்றில் இருந்து பத்துக் குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும். இரண்டு இரண்டு குடமாகத் தூக்கினால் ஐந்து நடை. ஒவ்வொரு குடமாகத் தூக்கினால் பத்து நடை. ஐந்து நடையில் முடிந்தால் நேரம் மிச்சம்தான். ஆனால் இடுப்பு என்ன பாடுபடும்?

சைக்கிளிலும் அப்படித்தான். 200 வாட் அளவு பலத்தை எடுத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், சுற்று முழுவதும் சராசரியாக 19 கிலோ எடை அளவுக்குப் பெடலை அழுத்த வேண்டும். 90 சுற்று மிதித்தால் 13 கிலோ போதும். தசைக்கும் முழங்கால் மூட்டுக்கும் அந்த 6 கிலோ மிச்சம்.

நம் தசையில் இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. ஒன்று நிதானமாக நெடு நேரம் உழைக்கும். மற்றொன்று படபடவென்று பலம் காட்டிவிட்டுச் சீக்கிரம் களைத்துப் போகும். பெடலைப் பலமாக அழுத்தினால் இரண்டாவது வகையைக் கூப்பிட வேண்டி வருகிறது. லேசாக, வேகமாகச் சுற்றினால் முதல் வகையே சமாளித்துக்கொள்ளும். ஐந்து மணி நேரம் ஓடிய பிறகு, கடைசி ஐந்து நிமிடத்தில் பாய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் வீரர்கள் இரண்டாவது வகையைச் சேமித்து வைக்கிறார்கள்.

அளவு மீறினாலும் ஆபத்து. காலைச் சும்மா சுற்றுவதற்கே சக்தி வேண்டும். காலுக்கும் எடை உண்டு அல்லவா? 110, 120 என்று போகப் போக, அந்த வீண் செலவு ஏறிக்கொண்டே போகிறது. பழகாதவர்கள் ஆசனத்தில் துள்ளத் தொடங்கிவிடுவார்கள்.

வேகமாக மிதித்தால் வெற்றியா?

2000-ம் ஆண்டை ஒட்டி உலகம் முழுவதும் ஒரு பேச்சு அடிபட்டது. அமெரிக்க வீரர் ஆம்ஸ்டிராங் மலை ஏறும்போதுகூட விறுவிறு என்று காலைச் சுற்றினார். ஜெர்மனி வீரர் உல்ரிச் பெரிய கியரைப் போட்டு மெதுவாக, பலமாக அழுத்தினார். ஆம்ஸ்டிராங் வென்றார். "வேகமாகச் சுற்றுவதுதான் வெற்றியின் மந்திரம்!" என்று பலர் நம்பினார்கள். இளைஞர்கள் அதைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள்.

2012-ம் ஆண்டில் குட்டு வெளிப்பட்டது. ஆம்ஸ்டிராங் ஊக்க மருந்து சாப்பிட்டவர் என்று தெரிந்து, பிரெஞ்சுப் போட்டியில் அவர் வென்ற 7 பட்டங்களும் பறிக்கப்பட்டன. தாமும் மருந்து சாப்பிட்டதாக உல்ரிச் 2023-ல் ஒப்புக்கொண்டார். மந்திரம் காலின் சுற்றில் இல்லை!

இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்று ஒரு சாதனைப் பந்தயம் இருக்கிறது. அதில் கியர் மாற்றவே முடியாது. ஒரே கியர்தான்.

1972-ம் ஆண்டில் பெல்ஜியம் வீரர் எடி மெர்க்ஸ், மெக்சிகோ நகரத்தில் 49.431 கிலோ மீட்டர் ஓட்டினார். அவர் சைக்கிளில் முன்னால் 52 பல், பின்னால் 14 பல். ஒரு சுற்றுக்கு 7.93 மீட்டர். அப்படியானால் அவர் நிமிடத்துக்குச் சுமார் 104 சுற்று மிதித்திருக்கிறார்.

50 ஆண்டு கழிந்தது. 2022-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி இத்தாலி வீரர் பிலிப்போ கன்னா, சுவிட்சர்லாந்தில் 56.792 கிலோ மீட்டர் ஓட்டினார். முன்னால் 65 பல், பின்னால் 14 பல். அவர் மிதித்தது நிமிடத்துக்குச் சுமார் 96 சுற்று.

காலின் சுற்று குறைந்தது. தூரமோ 7 கிலோ மீட்டருக்கு மேல் கூடியது! காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் சைக்கிள், குனிந்து படுத்த உட்காரும் முறை, வழுவழுப்பான உடை, பெரிய பல் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. காற்றுதான் சைக்கிளின் பெரிய எதிரி. வேகம் இரண்டு மடங்கானால், காற்றைத் தள்ள எட்டு மடங்கு பலம் வேண்டும்.

வீட்டு சைக்கிளுக்கு என்ன பாடம்?

பந்தயத்துக்குப் போகாதவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

ஒரு நிமிடம் மிதித்துக்கொண்டே, வலது முழங்கால் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 50 முதல் 70 வரை இருந்தால் சாதாரண ஓட்டத்துக்குச் சரி. 40-க்குக் கீழே இறங்கி, அழுத்தி அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தால் முழங்காலுக்குப் பாரம். கியர் உள்ள சைக்கிள் என்றால் லேசான கியருக்கு மாறிக்கொள்ளலாம். மேடு வருவதற்கு முன்பே மாற்றுவது நல்லது. மேட்டின் நடுவில் பலமாக அழுத்தும்போது மாற்றினால் செயின் அடம் பிடிக்கும்.

கியர் இல்லாத சைக்கிளில் பல்லை மாற்ற முடியாது. எதிர்க் காற்றில் வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் வழி. பாலத்தின் ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது அவமானம் அல்ல.

ஆசனத்தின் உயரமும் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும். ஆசனம் மிகவும் தாழ்ந்திருந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும், பலமும் வீணாகும். டயரில் காற்றும் செயினில் எண்ணெயும் இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும்.

பிள்ளைகளுக்கு இருந்த விதி

கியர் வரம்பு புதிய யோசனை அல்ல. 18 வயதுக்கு உட்பட்ட இளம் வீரர்களுக்குச் சம்மேளனமே நீண்ட காலம் ஒரு வரம்பு வைத்திருந்தது. ஒரு மிதிச் சுற்றுக்கு 7.93 மீட்டருக்கு மேல் கூடாது. 1972-ல் மெர்க்ஸ் உலக சாதனை செய்த அதே கியர்! வளரும் பிள்ளைகளின் முழங்கால் கெட்டுவிடக் கூடாது, பிள்ளைகள் லாவகமாகச் சுற்றப் பழக வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அந்த விதியைச் சம்மேளனம் 2023-ம் ஆண்டு ஜனவரியில் எடுத்துவிட்டது. பிள்ளைகள் விருப்பம் போல் பெரிய கியர் போடலாம் என்றாகிவிட்டது. இரண்டே ஆண்டு கழித்து, "பெரியவர்களுக்குக் கியர் வரம்பு வேண்டும்" என்கிறது அதே சம்மேளனம்.

காரணம் வேறாக இருக்கலாம். அன்று மூட்டுக்காக வைத்தார்கள். இன்று விபத்துக்காக வைக்கிறார்கள். ஆனாலும், பல்லைக் கட்டினால் உயிரைக் காக்கலாம் என்றால், முதலில் பிள்ளைகளை அல்லவா காக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.

பிரெஞ்சுப் போட்டியின் பழைய கதையும் நினைவுக்கு வருகிறது. அந்தப் போட்டியைத் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்சுக்குக் கியர் மாற்றும் கருவியே பிடிக்காது. 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் அது வேண்டும் என்பது அவர் கருத்து! வீரர்கள் மலை அடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். 1937-ம் ஆண்டில்தான் கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி கிடைத்தது. பல்லை வைத்து போட்டியை ஆளும் ஆசை, சைக்கிள் உலகில் பழைய ஆசை.

மிதிக்காமலே ஓடும் சைக்கிள்

இனி முக்கியமான கேள்வி. கியருக்கு வரம்பு வைத்தால் வேகம் குறையுமா?

சமதரையில், கடைசிப் பாய்ச்சலில் கொஞ்சம் குறையும். மணிக்கு 75 கிலோ மீட்டர் போக, 10 பல் உள்ளவர் நிமிடத்துக்கு 109 சுற்று மிதித்தால் போதும். 11 பல் உள்ளவர் 120 சுற்று மிதிக்க வேண்டும். 120 என்பது பந்தய வீரர்களால் முடியாத காரியம் அல்ல. சில விநாடிகளுக்கு அதற்கு மேலும் சுற்றுவார்கள். களைப்பு கூடும், அவ்வளவுதான்.

லேசான இறக்கத்தில், மிதித்துக்கொண்டே முன்னால் இருப்பவரை முந்தப் பார்க்கும் இடத்தில், வரம்புக்கு நல்ல பலன் இருக்கலாம். கால் சுற்றி முடியாது என்று தெரிந்தால் முந்தும் ஆசை அடங்கும். வான் ஆர்ட் போன்றவர்களின் வாதத்தில் உள்ள சத்து இதுதான்.

ஆனால் செங்குத்தான மலை இறக்கத்தில்? அங்கே கால் சும்மா இருக்கிறது! நூற்றுக்கு 8 அடி சரியும் பாதையில், ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ இருந்தால், குனிந்து உட்கார்ந்தாலே போதும். மிதிக்காமலே மணிக்கு 70 கிலோ மீட்டரைத் தாண்டிவிடும். அங்கே இழுப்பது பூமி. பூமிக்குப் பல் கிடையாது.

சம்மேளனத்துக்கும் இது தெரியும். சில வீரர்கள் இறக்கத்தில் ஆசனத்தை விட்டு, நடுக் கம்பியில் உட்கார்ந்து குனிந்து பறந்தார்கள். காற்றுத் தடை குறைந்தது, வேகம் ஏறியது. அப்படி உட்காருவதை 2021-ம் ஆண்டு ஏப்ரலில் சம்மேளனம் தடை செய்தது. மிதிக்காமலே வேகம் வருகிறது என்பதற்கு அந்தத் தடையே சாட்சி!

இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லாருக்கும் ஒரே வரம்பு என்றால், எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வருவார்கள். கூட்டம் கலையாது. நூற்றுக்கு மேற்பட்ட சைக்கிள்கள் தோளோடு தோள் உரச ஓடும்போது, ஒருவர் சறுக்கினால் பத்துப் பேர் விழுவார்கள்.

ஆணையம் சொன்னது என்ன?

பெல்ஜியம் ஆணையம், "கியர் வரம்பு கெட்டது" என்று தீர்ப்புச் சொல்லவில்லை. வீரர்களைக் காப்பது தவறு என்றும் சொல்லவில்லை. விதி செய்த முறையைத்தான் பிடித்துக்கொண்டது. விதி செய்வதற்கு முன் எல்லாக் கம்பெனிகளையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும். காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் கடுமை கூடாது. இவற்றில் குறை இருப்பதாக முதல் பார்வையிலேயே தெரிகிறது என்றது. ஒரு கம்பெனிக்கு ஈடு செய்ய முடியாத நஷ்டம் வந்துவிடலாம் என்றும் கருதியது.

இதில் நியாயம் இருக்கிறது. 54-க்கு 11 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஏன் 10 மீட்டர் இல்லை? ஏன் 11 மீட்டர் இல்லை? ஒரு கம்பெனியின் பெரிய கியரும் விதியின் வரம்பும் ஒன்றாக இருந்தால், பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

அதே நேரத்தில், கம்பெனியின் நஷ்டத்தைப் பணத்தால் கணக்கிடலாம். மலையில் விழுந்த 26 வயது இளைஞனின் உயிரை எதால் கணக்கிடுவது? சோதித்துப் பார்க்கவே கூடாது என்றால், உண்மை எப்படித் தெரியும்?

என்ன செய்யலாம்?

வழி இருக்கிறது.

சோதனை செய்வதானால், எல்லாக் கம்பெனிகளையும் முன்கூட்டியே அழைத்துப் பேசலாம். எந்த உறுப்பும் தனியாகப் பாதிக்கப்படாத ஏற்பாட்டைச் செய்யலாம். முன் சக்கரத்தில் 49 பல், பின் சக்கரத்தில் 10 பல் வைத்தால், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அதே 10.4 மீட்டர்தான் வரும். அப்படி உறுப்பு செய்ய அவகாசம் கொடுத்தால், தகராறில் பாதி தீரும்.

பிறகு, வரம்பு உள்ள போட்டியையும் வரம்பு இல்லாத போட்டியையும் ஒப்பிட வேண்டும். எங்கே விழுந்தார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள், விழும்போது மிதித்துக்கொண்டிருந்தார்களா என்று எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும்படி வெளியாக வேண்டும். ஒரே ஒரு போட்டியை வைத்து முடிவு கட்டுவது நியாயம் ஆகாது.

மலைப் பாதைக்கு வேறு மருந்து வேண்டும். ஆபத்தான வளைவில் மெத்தை வைத்த தடுப்பு, கண்ணில் படும் எச்சரிக்கைப் பலகை, விசில் ஊத ஆள், ஈரமான நாளில் பாதையை மாற்றும் துணிச்சல் ஆகியவை வேண்டும். இவற்றுக்குப் பணம் செலவாகும். பல்லைக் குறைக்கச் செலவு இல்லை. செலவு இல்லாத மருந்து என்பதற்காகவே அதை முதலில் தேடக்கூடாது.

வீரனின் கால் ஓர் அளவுக்கு மேல் சுற்றாது. அந்த அளவை உடம்பே வைத்திருக்கிறது. பல்லுக்கு அளவு வைப்பது போட்டி நடத்துகிறவர்களின் உரிமை. ஆனால் அந்த அளவு எத்தனை உயிரைக் காக்கிறது என்று காட்ட வேண்டியதும் அவர்கள் கடமைதான். அதைக் காட்டிவிட்டால், ஒரு பல்லை இழப்பதற்கு எந்த வீரனும் தயங்க மாட்டான்.